காலநிலை மாற்றத்துக்கு எதிராகப் போராடும் பசிபிக் தீவு மாணவர்கள்

காலநிலை மாற்றத்துக்கு எதிராகப் போராடும் பசிபிக் தீவு மாணவர்கள் என்பது தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 2019 ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் அமைப்பு ஆகும். வனுவாட்டு நாட்டின் தலைநகரான போர்ட் விலாவில் 27 மாணவர்கள் சேர்ந்து இதை உருவாக்கினர். காலநிலை மாற்றத்தைத் தடுப்பதில் நாடுகளுக்கு உள்ள சட்டக் கடமைகள் யாவை என்று பன்னாட்டு நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும் என்பதே இவர்களின் கோரிக்கை. வகுப்பில் தரப்பட்ட ஒரு பயிற்சியிலிருந்து பிறந்த இக்கோரிக்கை ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் தீர்மானமாகி, 2025 சூலை 23 அன்று அந்நீதிமன்றத்தின் ஒருமனதான கருத்தாக நிறைவு பெற்றது. மாணவர்கள் படிக்கும் காலத்திலேயே கொள்கை வகுப்பில் பங்கேற்க முடியும் என்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் இது ஒரு முதன்மையான எடுத்துக்காட்டு.

வனுவாட்டுவும் புயல்களும்

வனுவாட்டு தென் பசிபிக் பெருங்கடலில், ஆத்திரேலியாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 தீவுகளைக் கொண்ட நாடு. மக்கள்தொகை சுமார் 3 இலட்சம். பிரித்தானியாவும் பிரான்சும் கூட்டாக ஆண்ட இத்தீவுகள் 1980 சூலை 30 அன்று விடுதலை பெற்றன. மக்களில் பெரும்பாலோர் கடற்கரையை ஒட்டிய சிற்றூர்களில் வாழ்கின்றனர். கிழங்கு, வாழை, தென்னை, மீன் ஆகியவற்றை நம்பியே அவர்களின் அன்றாட உணவு அமைந்துள்ளது.

தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம். வங்கக் கடலில் உருவாகும் புயலும் பசிபிக் புயலும் ஒரே வகை இயற்கை நிகழ்வுதான். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலும், தெற்கே கடிகார முள்ளின் திசையிலும் சுழலும் என்பதே வேறுபாடு. தரையின் பரப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. பெரிய நாட்டில் ஒரு மாவட்டம் பாதிக்கப்பட்டால் பிற மாவட்டங்கள் உதவிக்கு வரும். சிறு தீவு நாட்டில் ஒரே புயல் நாடு முழுவதையும் முடக்கிவிடக் கூடும்.

2015 மார்ச்சு மாதத்தில் வீசிய பாம் புயல் இதற்குச் சான்று. மிக உயர்ந்த ஐந்தாம் வகையைச் சேர்ந்த அப்புயலால் நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். சேதத்தின் மதிப்பு நாட்டின் ஓராண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 64 விழுக்காட்டுக்குச் சமமாக இருந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அண்டை நாடான பிஜியை வின்ஸ்டன் புயல் தாக்கியதில் 44 பேர் உயிரிழந்தனர். 2020 ஏப்ரலில் ஹெரால்டு புயல் சொலமன் தீவுகள், வனுவாட்டு, பிஜி, தொங்கா ஆகிய நான்கு நாடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கியது. மாணவர்கள் வளர்ந்ததும் படித்ததும் இந்தச் சூழலில்தான். அவர்களுக்குக் காலநிலை மாற்றம் பாடநூலில் மட்டும் உள்ள செய்தி அன்று.

வெப்பமும் புயலின் வலிமையும்

புயல் தன் ஆற்றலை வெப்பமான கடல்நீரிலிருந்து பெறுகிறது. கடலின் மேற்பரப்பு வெப்பமடையும்போது புயல் வலுவடைவதற்கான வாய்ப்பு கூடுகிறது. காற்றின் வெப்பநிலை 1 பாகை செல்சியசு உயர்ந்தால் அது கொள்ளக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். ஆகவே வெப்பமான உலகில் புயல் கூடுதல் மழையைக் கொட்டும். கடல்மட்டம் உயர்வது மூன்றாவது காரணம். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்துள்ளதாகக் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2021 ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டது. மட்டம் உயர்ந்த கடலில் புயல் கிளப்பும் அலை முன்பைவிட உள்ளே வரை வந்து, குடிநீர்க் கிணற்றையும் கிழங்குத் தோட்டத்தையும் உவர்ப்பாக்கிவிடும்.

புயல்களின் எண்ணிக்கை கூடுகிறது என்று அறிவியல் கூறவில்லை. கடந்த நாற்பது ஆண்டுகளில் வலிமை மிக்க புயல்களின் விகிதம் கூடியிருக்கக் கூடும் என்பதே அவ்வறிக்கையின் முடிவு. ஒரு குறிப்பிட்ட புயலையோ வெப்ப அலையையோ காலநிலை மாற்றம் எந்த அளவுக்குத் தீவிரமாக்கியது என்று கணக்கிடும் துறையும் இப்போது வளர்ந்துள்ளது. மனிதரால் வெப்பமடைந்த இன்றைய உலகையும், வெப்பமடையாத ஒரு கற்பனை உலகையும் கணினி மாதிரிகளில் ஒப்பிட்டு இதைக் கண்டறிகின்றனர்.

இந்த வெப்பத்துக்குக் காரணமான பசுமை இல்ல வாயுக்களில் பசிபிக் தீவுகளின் பங்கு மிக மிகச் சிறியது. தீங்கு செய்தவர் ஒருவர், துன்பம் அனுபவிப்பவர் வேறொருவர் என்றால் சட்டம் என்ன சொல்கிறது என்பதே மாணவர்கள் எழுப்பிய கேள்வி.

வகுப்பறையில் பிறந்த யோசனை

தென் பசிபிக் பல்கலைக்கழகம் 1968 இல் நிறுவப்பட்டது. பன்னிரண்டு தீவு நாடுகளுக்குப் பொதுவான இப்பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் பிஜியின் சுவா நகரிலும், சட்டப் பள்ளி போர்ட் விலாவின் எமாலசு வளாகத்திலும் உள்ளன. இதனால் ஒரே வகுப்பில் பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து படிக்கின்றனர்.

2019 ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் சட்டம் பயின்ற மாணவர்களிடம், காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளப் பன்னாட்டுச் சட்டத்தில் உள்ள வழிகளை ஆராயுமாறு அவர்களின் ஆசிரியர் கூறினார். மாணவர்கள் பல வழிகளை ஒப்பிட்டுப் பார்த்து, பன்னாட்டு நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தைப் பெறுவதே பொருத்தமானது என்ற முடிவுக்கு வந்தனர். பயிற்சித் தாளைத் திருத்தி மதிப்பெண் பெற்றதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஓர் அமைப்பாகவும் திரண்டனர். சொலமன் தீவுகளைச் சேர்ந்த சிந்தியா ஹூனியுஹி, சாலமன் இயோ ஆகியோர் தொடக்கக் காலத்தில் முன்னின்றவர்கள். பிஜியைச் சேர்ந்த விசால் பிரசாத் பின்னர் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

இந்த யோசனை முற்றிலும் புதியது அன்று. 2011 இல் பலாவு நாடு இதே நோக்கத்துடன் முயன்று, போதிய நாடுகளின் ஆதரவைப் பெற இயலாமல் கைவிட்டது. அதற்கும் முன்னதாக 1991 இல், கடல்மட்ட உயர்வால் ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய ஒரு பன்னாட்டுக் காப்பீட்டு ஏற்பாடு வேண்டும் என்று சிறு தீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு முன்மொழிந்தது. அதுவும் ஏற்கப்படவில்லை. நல்ல வாதம் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் நாடுகளின் ஆதரவும் திரள வேண்டும் என்பதை இவ்விரு முயற்சிகளும் காட்டியிருந்தன.

ஆலோசனைக் கருத்து என்பது என்ன?

பன்னாட்டு நீதிமன்றம் ஐக்கிய நாடுகள் அவையின் முதன்மை நீதி அமைப்பு. இது நெதர்லாந்தின் டென் ஹாக் நகரில் உள்ள அமைதி அரண்மனையில் இயங்குகிறது. 15 நீதிபதிகளைக் கொண்ட இந்நீதிமன்றத்துக்கு இரண்டு வகைப் பணிகள் உண்டு.

முதலாவது, நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைத் தீர்த்தல். இதற்கு இரு தரப்பு நாடுகளும் நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றிருக்க வேண்டும். எதிர்த்தரப்பு இசையவில்லை என்றால் வழக்கே நடக்காது. மேலும் வளிமண்டலத்தை மாசுபடுத்தியது ஒரு நாடு மட்டும் அன்று.

இரண்டாவது, சட்டக் கேள்விகளுக்கு ஆலோசனைக் கருத்து வழங்குதல். இதில் வாதியோ பிரதிவாதியோ இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் நீதிமன்றம் விளக்கும். ஆனால் தனியொரு நாடு இதைக் கேட்க முடியாது. ஐ.நா. சாசனத்தின் 96 ஆம் பிரிவின்படி பொதுச் சபை, பாதுகாப்பு அவை ஆகியவையும், பொதுச் சபையின் ஒப்புதல் பெற்ற பிற ஐ.நா. அமைப்புகளுமே கேட்கலாம். ஆகவே மாணவர்கள் முதலில் ஓர் அரசையும், பிறகு பல அரசுகளையும், இறுதியில் பொதுச் சபையையும் இசையச் செய்ய வேண்டியிருந்தது.

கடிதத்திலிருந்து தீர்மானம் வரை

மாணவர்கள் முதலில் பசிபிக் தீவு அரசுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினர். வனுவாட்டு அரசு இதில் ஆர்வம் காட்டியது. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ரால்ப் ரெகன்வானு இம்முயற்சிக்குத் துணை நின்றார். 2019 ஆகத்தில் துவாலுவில் நடந்த பசிபிக் தீவுகள் மன்றத்தின் கூட்டத்தில் இந்த யோசனை கவனத்தில் கொள்ளப்பட்டது.

அடுத்த ஆண்டு கோவிட் பெருந்தொற்று பரவியது. பயணங்கள் நின்றுபோனபோதும் மாணவர்கள் இணையவழியில் பிற நாட்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டனர். பிற கண்டங்களின் இளைஞர்களும் இதே கோரிக்கையை முன்வைத்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கினர். 2021 செப்டம்பரில் வனுவாட்டு அரசு இம்முயற்சியை முறையாக அறிவித்தது. 2022 சூலையில் சுவாவில் கூடிய பசிபிக் தீவுகள் மன்றத் தலைவர்கள் இதற்கு ஆதரவு தெரிவித்தனர்.

பொதுச் சபைக்கான தீர்மானத்தை வனுவாட்டு தனியாக எழுதவில்லை. வங்காளதேசம், வியட்நாம், கோசுட்டா ரிக்கா, உகாண்டா, செருமனி, நியூசிலாந்து உள்ளிட்ட 18 நாடுகளின் குழு அதன் வாசகத்தை உருவாக்கியது. வெவ்வேறு கண்டங்களையும் வெவ்வேறு பொருளாதார நிலையையும் சேர்ந்த நாடுகள் இக்குழுவில் இருந்தமை ஆதரவு பெருக உதவியது.

2023 மார்ச்சு முதல் வாரத்தில் சூடி, கெவின் என்னும் இரண்டு புயல்கள் சில நாள் இடைவெளியில் வனுவாட்டுவைத் தாக்கின. அதே மாதம் 29 ஆம் நாள், பிரதமர் இசுமாயில் கல்சகாவு நியூயார்க்கில் பொதுச் சபை முன் தீர்மானத்தை முன்வைத்தார். 130க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்து முன்மொழிந்த அத்தீர்மானம் வாக்கெடுப்பு இல்லாமல் ஒருமித்த இசைவுடன் நிறைவேறியது. அதன் எண் 77/276.

தீர்மானம் நீதிமன்றத்திடம் இரண்டு கேள்விகளைக் கேட்டது. மனிதர் வெளியிடும் பசுமை இல்ல வாயுக்களிலிருந்து காலநிலையைக் காக்க நாடுகளுக்குப் பன்னாட்டுச் சட்டத்தின்படி உள்ள கடமைகள் யாவை என்பது முதல் கேள்வி. தம் செயலாலோ செயலின்மையாலோ காலநிலைக்குப் பெருந்தீங்கு விளைவித்த நாடுகள், பாதிக்கப்பட்ட நாடுகளுக்கும் இன்றைய, வருங்காலத் தலைமுறை மக்களுக்கும் சட்டப்படி என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி.

டென் ஹாக் விசாரணை

2024 திசம்பர் 2 முதல் 13 வரை வாய்மொழி விசாரணை நடைபெற்றது. 96 நாடுகளும் 11 பன்னாட்டு அமைப்புகளும் இதில் பேசின. அந்நீதிமன்றத்தின் வரலாற்றில் வேறு எந்த விசாரணையிலும் இத்தனை தரப்பினர் பங்கேற்றதில்லை. முதல் நாள் வனுவாட்டு தரப்பினர் உரையாற்றினர். வகுப்பறையில் இதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான சிந்தியா ஹூனியுஹியும் அன்று நீதிபதிகள் முன் பேசினார். வீட்டையும் விளைநிலத்தையும் முன்னோரின் கல்லறைகளையும் கடல் கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மக்களின் அனுபவங்கள் இவ்விசாரணையில் சான்றுகளாக முன்வைக்கப்பட்டன.

எதிர்வாதங்களும் இருந்தன. 1992 ஆம் ஆண்டு காலநிலை உடன்படிக்கையும் 2015 ஆம் ஆண்டு பாரிசு ஒப்பந்தமுமே போதுமானவை, அவற்றுக்கு வெளியே வேறு கடமைகளைத் தேட வேண்டியதில்லை என்று உமிழ்வு மிகுந்த நாடுகள் சில வாதிட்டன. இந்தியாவும் பங்கேற்றுப் பேசியது. வரலாற்றில் அதிக வாயுக்களை வெளியிட்ட வளர்ந்த நாடுகளே முதன்மைப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்றும், நடப்பிலுள்ள காலநிலை ஒப்பந்தங்களைத் தாண்டிப் புதிய கடமைகளை நீதிமன்றம் உருவாக்கக் கூடாது என்றும் இந்தியா கூறியது.

2025 சூலை 23 கருத்து

நீதிமன்றத் தலைவர் இவாசாவா யூஜி வாசித்த கருத்தை 15 நீதிபதிகளும் ஒருமனதாக ஏற்றிருந்தனர். அதன் முதன்மையான முடிவுகள் வருமாறு.

1. காலநிலையைக் காக்கும் கடமை ஒப்பந்தங்களிலிருந்து மட்டும் வருவதில்லை. பிற நாட்டுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கக் கூடாது என்னும் வழக்காற்றுச் சட்டத்திலிருந்தும், மனித உரிமைச் சட்டத்திலிருந்தும், கடல் சட்டத்திலிருந்தும் வருகிறது. ஆகவே ஓர் ஒப்பந்தத்தில் சேராத நாட்டுக்கும் கடமை உண்டு.

2. பாரிசு ஒப்பந்தத்தின்படி நாடுகள் தத்தம் உமிழ்வுக் குறைப்புத் திட்டத்தை விருப்பம்போல் வகுத்துக்கொள்ள இயலாது. வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்தும் இலக்குக்கு உதவும் வகையில், தம்மால் இயன்ற உச்ச முயற்சியை அத்திட்டம் காட்ட வேண்டும். நாடுகளின் வளர்ச்சி நிலைக்கு ஏற்பப் பொறுப்பு வேறுபடும்.

3. புதைபடிவ எரிபொருளை எடுத்தல், பயன்படுத்தல், அதற்கு உரிமம் அல்லது மானியம் வழங்குதல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தத் தவறுவது பன்னாட்டுச் சட்டத்தை மீறிய செயலாகக் கருதப்படலாம். தனியார் நிறுவனங்களை முறைப்படுத்தத் தவறுவதற்கும் அரசே பொறுப்பு.

4. கடமையை மீறிய நாடு அச்செயலை நிறுத்த வேண்டும், மீண்டும் செய்யாதிருக்க உறுதியளிக்க வேண்டும், தகுந்த சூழலில் பாதிக்கப்பட்டோருக்கு ஈடுசெய்யவும் வேண்டும். மீறலுக்கும் சேதத்துக்கும் இடையே போதிய அளவு நேரடியான, உறுதியான தொடர்பு இருப்பதை ஒவ்வொரு நேர்விலும் மெய்ப்பிக்க வேண்டும். அது கடினம் எனினும் இயலாதது அன்று.

5. கடல்மட்டம் உயர்ந்து நிலப்பரப்பு மறைந்தாலும், ஏற்கெனவே நாடாக உள்ள ஒன்று அத்தகுதியை இழந்தே தீரும் என்பதில்லை. முறைப்படி வரையறுத்த கடல் எல்லைகளையும் மாற்றி வரையத் தேவையில்லை.

நான்காவது முடிவால் தீவிர வானிலை பற்றிய அறிவியல் சட்டத்துக்கு நெருக்கமாகிறது. ஒரு புயலில் காலநிலை மாற்றத்தின் பங்கை ஆய்வாளர் கணக்கிடுவது இனி நீதிமன்றத்தில் சான்றாகவும் பயன்படக் கூடும். ஐந்தாவது முடிவு துவாலு, கிரிபட்டி போன்ற தாழ்வான நாடுகளுக்கு இன்றியமையாதது. கடல் எல்லை நிலைத்தால் அவற்றின் மீன்வள உரிமையும் நிலைக்கும்.

வரம்புகள்

ஆலோசனைக் கருத்து நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் தீர்ப்பு அன்று. எந்த நாடு குற்றவாளி என்றோ, எவ்வளவு இழப்பீடு தர வேண்டும் என்றோ நீதிமன்றம் கூறவில்லை. அக்கருத்தைச் செயல்படுத்த காவல் படையும் இல்லை. இச்சிக்கலைத் தீர்ப்பதில் சட்டத்தின் பங்கு முக்கியமானது என்றாலும் அளவுக்கு உட்பட்டதே என்று நீதிமன்றமே தன் கருத்தின் முடிவில் ஒப்புக்கொண்டது.

எனினும் சட்டம் இன்னது என்று உலகின் உயரிய நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியபின் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உள்நாட்டு நீதிமன்றங்கள் இதை மேற்கோள் காட்டலாம். காலநிலை மாநாடுகளில் சிறிய நாடுகள் உதவி கேட்பதற்கு மாறாக உரிமை கேட்கலாம். 2025 ஆம் ஆண்டுக்கான ரைட் லைவ்லிஹுட் விருது, இம்மாணவர் அமைப்புக்கும் வழக்கறிஞர் யூலியன் அகுவோனுக்கும் அறிவிக்கப்பட்டது.

மாணவர் பயிற்சியில் இதன் இடம்

காலநிலைக் கொள்கை, பேரிடர் மேலாண்மை ஆகிய துறைகளில் உள்ளகப் பயிற்சி பெறக் கல்லூரி மாணவர்கள் இன்று முன்வருகின்றனர். கொள்கைப் பரப்புரை என்றால் பதாகை ஏந்துவது என்றே பலரும் எண்ணுகின்றனர். பதாகைக்கும் இடம் உண்டு. ஆனால் பசிபிக் மாணவர்களின் ஆறு ஆண்டுப் பணியில் பெரும்பகுதி படிப்பதிலும் எழுதுவதிலும் பேசி இணங்கச் செய்வதிலும் கழிந்தது. அப்பணியைப் பின்வருமாறு பகுத்துக் காணலாம்.

முதலாவது, கேள்வியைச் சுருக்குதல். காலநிலை மாற்றத்தை நிறுத்துங்கள் என்பது வேண்டுகோள். நாடுகளின் கடமை என்ன என்பது பதில் சொல்லக்கூடிய கேள்வி. இரண்டாவது, முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்று அறிதல். அதிகாரம் இல்லாதவரிடம் அளிக்கும் மனு பயன் தராது. மூன்றாவது, முன்பு தோற்றவர்கள் ஏன் தோற்றனர் என்று படித்தல். நான்காவது, அறிவியல் அளவீட்டையும் மக்களின் அனுபவத்தையும் சேர்த்தே பதிவு செய்தல். மழையளவும் காற்றின் வேகமும் சேதத்தின் அளவைச் சொல்லும். எந்தக் கிணறு உவர்ப்பானது, எந்தப் பள்ளி எத்தனை நாள் மூடிக்கிடந்தது என்பதை ஊர் மக்களே சொல்ல முடியும். ஐந்தாவது, பணியை அடுத்தவரிடம் ஒப்படைத்தல். மாணவப் பருவம் சில ஆண்டுகளே. தொடங்கியவர்கள் பட்டம் பெற்றுச் சென்ற பின்னும் புதியவர்கள் பொறுப்பேற்றதால்தான் இம்முயற்சி 2025 வரை நீடித்தது.

மாணவர்கள் கேட்ட கேள்விக்கு நீதிமன்றம் விடையளித்துவிட்டது. அந்த விடைக்கு ஏற்ப நாடுகள் நடக்கின்றனவா என்பதைக் கண்காணிக்கும் பணி தொடர்கிறது. இதற்கிடையே ஒவ்வொரு நவம்பரிலும் வனுவாட்டுவில் அடுத்த புயல் பருவம் தொடங்கிவிடுகிறது.